நிக்குதுன்னா நிக்குது

என் அண்ணிக்கு இடது காலில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டும் போனதற்கு அவளுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தவள் நான். மருந்துக் கடையில் பில் போடுகிறவளுக்கு அப்படி ஒரு வசதி. தெருவில் யாருக்குத் தலைவலி என்றாலும் என்னிடம்தான் வந்தாக வேண்டும். மாத்திரையோடு சேர்த்து இந்தச் செய்தியையும் இலவசமாகக் கொடுத்தனுப்பினேன். அதனால் இப்போது நடந்ததைச் சொல்கிற பொறுப்பும் என் தலையில்தான் விழுகிறது.

அண்ணி என்னைவிட ஒரு வயது சின்னவள், உறவில் பெரியவள். நான் "அண்ணி, நீங்க" என்பேன். அவள் வேண்டுமென்றே "நாத்தனாரே" என்று இழுப்பாள். கீழ்வீட்டில் அண்ணனும் அவளும், மாடியில் நான். அண்ணன் சரக்கு வேன் ஓட்டுகிறான். அண்ணி, ஊருக்குக் குடிதண்ணீர் அனுப்புகிற நீரேற்று நிலையத்தில் புல் வெட்டினாள். அங்கே தொட்டிகளைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மண்ணைக் கொட்டிச் சரிவாக்கி வைத்திருக்கிறார்கள். தள்ளிக்கொண்டு போகிற இயந்திரம் அந்தச் சரிவில் ஏறாது. தோளில் மாட்டுகிற இயந்திரம்தான் சரிப்படும். பின்னால் சின்னதாக ஒரு பெட்ரோல் எஞ்சின், நடுவில் நீளக் குழாய், நுனியில் தட்டு மாதிரி ஒரு பிளேடு. அவளிடம் இருந்தது அவளே பழைய சாமானாகப் பார்த்து வாங்கியது. அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தன் வீட்டு அடுக்களை மாதிரி அத்துப்படி.

இந்தக் கதைக்கு ஒரு வார்த்தை தெரிந்திருக்க வேண்டும். கைவிசையை அழுத்தினால் எஞ்சின் வேகம் எடுக்கும், பிளேடு சுற்றும். கைவிசையை விட்டுவிட்டால் எஞ்சின் அணைந்துவிடாமல் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டறைப் பேச்சில் இதை "ஸ்லோவில் நிற்பது" என்பார்கள். அதே நேரத்தில் பிளேடு சுற்றாமல் நிற்க வேண்டும். ஆக, ஓடிக்கொண்டிருப்பதும் நிற்பதுதான், ஓடாமல் இருப்பதும் நிற்பதுதான்.

"என்ன பாஷை அண்ணி இது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எஞ்சினும் நிக்கணும், பிளேடும் நிக்கணும், நாத்தனாரே. எது எப்படி நிக்குதுன்னு காதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். உனக்கு வாய்தான் பெருசு, காது சின்னது" என்றாள். அன்றைக்கு அது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரம் அந்த எஞ்சின் ஸ்லோவில் நிற்காமல் அடம்பிடித்தது. கைவிசையை விட்டால் அணைந்துபோகும். மறுபடி கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கழற்றிச் சுத்தம் செய்கிறேன் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை சரிவில் கால் வழுக்கி, இடது கால் பிளேடுக்கு அடியில் போய்விட்டது. ரப்பர் பூட்ஸ் கிழிந்து, இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவள் சொன்ன முதல் வாக்கியம், "கையை எடுத்துட்டேன், பிளேடு நிக்கல." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். கையை எடுத்தால் பிளேடு எப்படிச் சுற்றும்? வலியில் உளறுகிறாள் என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன் அவள் தலையைத் தடவி, "சரி விடு, ஒரு நிமிஷம் கவனம் தப்பிருச்சு. யாருக்கும் நடக்கிறதுதான்" என்றான். எவ்வளவு தங்கமான புருஷன் என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவள் வீடு திரும்புவதற்குள் அந்த இயந்திரத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டான். "அந்தச் சனியன் அவ கண்ணுல படக்கூடாது" என்றான். அதற்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். என் கண்ணைச் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு மூன்று வருஷம் அண்ணி வீட்டிலேயே இருந்தாள். எங்கள் கொல்லையில் ஒரு புல் முளைக்கவில்லை. முளைக்க விட்டால்தானே? தலை நீட்டும்போதே பிடுங்கிவிடுவாள். "கையை எடுத்துட்டேன்" என்று அவள் ஆரம்பித்தால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவோம். ஒரு கட்டத்தில் அவளும் சொல்வதை விட்டுவிட்டாள். அடங்கிவிட்டாள் என்று நினைத்தோம்.

போன புதன்கிழமை நீரேற்று நிலையத்தின் மேற்பார்வையாளர் வீடு தேடி வந்தார். கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்குவதால் எல்லாருக்கும் அவர் விசில்தான். அவளுக்குப் பிறகு வந்த ஆட்கள் யாரும் சரிவில் ஒரு மாசத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லையாம். புல் இடுப்பளவு வளர்ந்து, வால்வைத் தேடிப் போனவர் பாம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தாராம். "திங்கக்கிழமை வந்துடும்மா" என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். அண்ணியின் முகம் பளிச்சென்று ஆனதை நான் பார்த்தேன். தாளைப் படித்ததும் அது போய்விட்டது.

அதில் இப்படி இருந்தது: "முன்பு நேர்ந்த விபத்து என் கவனக்குறைவால் நேர்ந்தது. இனி அவ்வாறு நேராது என உறுதி கூறுகிறேன்."

"ஒரு கையெழுத்துதாம்மா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்றார் விசில்.

"எல்லாருக்கும் ரெண்டு விரல் போச்சா சார்?"

விசில் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். "மேல கேப்பாங்கம்மா. அடிபட்ட ஆளைத் திரும்ப எடுத்தா காரணம் எழுதியாகணும்."

"எழுதுங்க. உண்மையான காரணத்தை எழுதுங்க. கையை எடுத்தேன், பிளேடு நிக்கல."

"ஏன் நிக்கல?"

அந்தக் கேள்விக்குத்தான் மூன்று வருஷமாக அவளிடம் பதில் இல்லை. ஆனால் விசிலிடம் தாளைத் திருப்பி நீட்டினாள். "திங்கக்கிழமை எட்டு மணிக்கு மெஷினோட வரேன். இந்தக் கையெழுத்தோட வர மாட்டேன்."

"கையெழுத்து இல்லாம நான் எப்படிம்மா..."

"அதுக்குள்ள காரணத்தோட வரேன் சார்."

விசில் தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் என் பங்குக்கு ஆரம்பித்தேன். "ஏன் அண்ணி ஒத்தைக் கால்ல நிக்கிறீங்க? ஒரு கையெழுத்துல என்ன குறைஞ்சு போகப் போகுது?"

அவள் தன் காலைப் பார்த்தாள். "ஒத்தைக் கால்லதான் நிக்கிறேன். இன்னொரு கால்ல பாதிதானே இருக்கு?"

அண்ணன் வந்ததும் அவனும் கையெழுத்துப் போடச் சொன்னான். இயந்திரத்தை இறக்கப் போகிறேன் என்று அவள் சொன்னதும்தான் குதித்தான். "அதைத் தொடாதே! மூணு வருஷம் பரண்ல கிடந்தது, பெட்ரோல் உள்ளயே காஞ்சு போயிருக்கும். தலைகீழா நின்னாலும் அது ஓடாது." தேவைக்கு மேலேயே கத்தினான். அக்கறை அதிகம் என்று அதையும் நான் நல்ல கணக்கில்தான் சேர்த்தேன்.

சனிக்கிழமை காலை அவன் வெளியூர் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வேன் தெருமுனை திரும்புவதற்குள் அண்ணி ஏணியைப் பரணில் சாய்த்துவிட்டாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மூன்று விரல் காலை முதலில் வைத்துத்தான் ஏறினாள். அதில் ஒரு வீம்பு இருந்தது.

இறக்கிக் கொல்லையில் வைத்து டேங்க் மூடியைத் திறந்ததும் பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த நாற்றம். அடியில் பெட்ரோல் பழுப்புப் பசையாகப் படிந்திருந்தது. கவிழ்த்துக் கொட்டி, அலசி, புதுப் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றினாள். கயிற்றை இழுத்தாள். பதினோரு இழுப்பு, நான் எண்ணினேன். பன்னிரண்டாவதில் இருமி, தும்மி, வெள்ளைப் புகை விட்டுக் கிளம்பியது. நான் கைதட்டினேன். அவள் கைவிசையை விட்ட அடுத்த நொடி அணைந்தது. இன்னொரு தடவை, அப்படியே. கைவிசையைப் பிடித்துக்கொண்டிருந்தால் இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடுகிறது, விட்டால் செத்துப் போகிறது.

"ஸ்லோல நிக்கல" என்று குனிந்து பக்கவாட்டில் பார்த்தவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணிக்கு ஒரு பழக்கம். எந்தத் திருகாணியைச் சரியாக வைத்தாலும், அதன் தலையில் தொடங்கிப் பக்கத்து உலோகம் வரை சிவப்பு நகப்பாலிஷால் ஒரே கோடாக இழுத்துவிடுவாள். விரலுக்கு அவள் நகப்பாலிஷ் போட்டு நான் பார்த்ததில்லை, எல்லாம் திருகாணிக்குத்தான். யாராவது தொட்டுத் திருகினால் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். ஸ்லோவைக் கூட்டிக் குறைக்கிற சின்னத் திருகாணியின் கோடு உடைந்திருந்தது. தலையில் இருந்த பாதி ஒரு பக்கம், உலோகத்தில் இருந்த பாதி நேர் எதிர்ப் பக்கம்.

சாமான் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் அவள் கையெழுத்தில் பென்சிலால் "ஸ்லோ – ரெண்டு சுத்து" என்று எழுதியிருந்தது. அதை எனக்குக் காட்டிவிட்டு, திருகாணியை மெல்ல வெளியே எடுத்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, பாதி.

"மூணரை" என்றாள். "நான் வெச்சது ரெண்டு. யாரோ ஒண்ணரை சுத்து ஏத்தியிருக்காங்க."

"ஏத்தினா என்ன ஆகும்?"

"நாம கையை எடுத்தாலும் அது நமக்குத் தெரியாம ரேஸ் குடுத்துட்டே இருக்கும். காலையில குளிர்ல தெரியாது; அன்னிக்கு அணையாம ஓடினப்ப, அடைப்பு தானா விட்டுருச்சுன்னுதான் நினைச்சேன். அரை மணி நேரம் ஓடிச் சூடானா வேகம் தானா ஏறும். பிளேடு சுத்திட்டே இருக்கும்." திருகாணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "கையை எடுத்துட்டேன், நாத்தனாரே. பிளேடு நிக்கல."

மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் புளித்த வாக்கியம். அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. எத்தனை பேருக்கு மாத்திரையோடு சேர்த்து என்னென்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன். வெட்கத்துக்கு எங்கள் கடையில் மருந்து கிடையாது.

"யாரு அண்ணி ஏத்தினது?"

"மெஷினுக்கு வாய் இல்ல. முதல்ல ரெண்டு சுத்துலயே இது நிக்கும்னு நான் காட்டணும். அது நின்னாத்தான் ஏத்தினது தப்புன்னு ஆகும். நிக்கலன்னா, 'நின்னு நின்னு போச்சு, நீயே ஏத்தியிருப்பே, மறந்திருப்பே'ன்னு எம்மேலயே போட்டுருவாங்க."

இப்போது எனக்கும் விளங்கியது. திங்கட்கிழமை எட்டு மணிக்குள் அந்த எஞ்சின், அவள் வைத்த இடத்தில், ஸ்லோவில் நிற்க வேண்டும். அதுதான் அவளுடைய சாட்சி.

கார்புரேட்டரைக் கழற்றினாள். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். உள்ளே ஒரு ரப்பர்ச் சவ்வு உண்டு, அது மூச்சு விடுகிற மாதிரி அசைந்தால்தான் பெட்ரோல் அளவாக ஏறும். அது விறைத்துப்போய், தட்டினால் டக்டக் என்றது. சவ்வு வாங்க ஸ்பேர்ஸ் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் அண்ணியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "வீட்டுல ஆம்பளைங்க இருந்தா வரச் சொல்லுங்க" என்றார்.

"சவ்வு கேட்டா சவ்வு குடுங்க. ஆம்பளை வந்தாலும் இதே சவ்வுதானே குடுப்பீங்க?" என்றாள் அண்ணி.

"மூணு வருஷம் கிடந்ததுங்கிறீங்க. கார்புரேட்டரையே மாத்திடுங்கம்மா."

"பொத்தான் அறுந்தா சட்டையையே தூக்கிப் போடுவீங்களா?" சவ்வையும், கையோடு இருக்கட்டும் என்று ஒரு சாண் பெட்ரோல் ட்யூபையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பெரிய ஓட்டைகளைக் கழுவுவது எல்லாரும் செய்வதுதான். ஸ்லோவுக்கு வேறு ஓட்டைகள் உண்டு. கார்புரேட்டரின் தொண்டையில், ஊசி முனை கூட நுழையாத மூன்று புள்ளிகள். கைவிசையை விட்டதும் எஞ்சினுக்குச் சோறு போடுவது அவைதான். மூன்றிலும் பசை அடைத்திருந்தது. ஊசியை விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும், பிறகு ஜென்மத்துக்கும் சரியாகாது என்றாள். பழைய மின்சார ஒயரை உரித்து, அதிலிருந்து முடி மாதிரி ஒரே ஒரு செம்புக் கம்பியை உருவி, கார்புரேட்டரைக் கழுவுகிற திரவத்தில் ஊறப் போட்டு ஊறப் போட்டு நுழைத்தாள். ஒரு ஓட்டைக்கு ஒரு மணி நேரம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அந்தப் பக்கம் தெரிகிறதா என்று பார்ப்பாள். தெரியாது. மறுபடியும் ஊறப் போடுவாள். நானாக இருந்தால் இரண்டாவது ஓட்டையிலேயே சுவரில் விட்டெறிந்திருப்பேன்.

சாயங்காலம் பூட்டிக் கிளப்பினாள். நின்றது, ஆனால் ஒழுங்காக நிற்கவில்லை. வேகம் ஏறும், இறங்கும், ஏறும், விக்கும், நாலு நிமிஷத்தில் அணையும்.

"போதும் அண்ணி" என்றேன். எனக்கே பயமாகிவிட்டது. "ஸ்க்ரூவை அரை சுத்து ஏத்திட்டுக் காட்டிருங்களேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு வசவே தேவலாம். "இப்படி ஏத்தினதுலதான் நாத்தனாரே என் விரல் போச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலையில், பெட்ரோல் ஏறுகிற ட்யூபில் பொட்டுப் பொட்டாகக் குமிழி வருவதைக் கண்டுபிடித்தாள். பழைய ட்யூப் காய்ந்து, மடிகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விட்டிருந்தது. பெட்ரோலோடு காற்றையும் சேர்த்துக் குடித்ததால் வந்த விக்கல்தான் அது. கையோடு வாங்கி வந்த ட்யூபை வெட்டி மாட்டினாள். திருகாணியை என் கண்ணுக்கு நேரே வைத்து, ஒன்று, இரண்டு என்று என்னையே எண்ண வைத்தாள். பிளேடில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். கிளப்பினாள். அரை மணி நேரம் வேகமாக ஓடவிட்டுச் சூடாக்கிவிட்டுக் கையை எடுத்தாள்.

எஞ்சின் ஓடியது. விக்காமல், ஏறாமல், இறங்காமல் ஒரே சீராக ஓடியது. கீழே சாக்பீஸ் கோடு அசையவே இல்லை. போனில் மணி பார்த்துக்கொண்டு அந்த வெள்ளைக் கோட்டையே கால் மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்தில்கூட நான் எதையும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மாடியில் தனியாக இருந்திருக்க மாட்டேன்.

அண்ணி எஞ்சினை அணைத்தாள். கொல்லை அமைதியானது. அவள் முகமெல்லாம் எண்ணெய்க் கறை, அதற்கு நடுவே சிரிப்பு. மூன்று வருஷமாக அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் பண்ணினான். இரண்டு பேருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன பண்றா உங்க அண்ணி? அதை இறக்கிட்டாளா?"

"இறக்கியாச்சு அண்ணா! நிக்குது! ஸ்லோல நிக்குது!"

பட்டறைப் பேச்சை ஒரே நாளில் கற்றுக்கொண்ட பெருமையில் கத்தினேன். ஆனால் பின்னால் எஞ்சின் சத்தம் இல்லை. அணைந்துபோகிறது என்றுதான் அவன் காதில் விழுந்தது.

"நிக்குதா? நான் அப்பவே சொன்னேன்ல?" அவன் குரலில் ஒரு நிம்மதி. "கைவிட்டா நின்னு போகுது, அதானே? அழ வேண்டாம்னு சொல்லு. பக்கத்துல சின்னதா ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதை ஒண்ணரை சுத்து ஏத்தி விடச் சொல்லு, போதும். அன்னிக்கும் அதைத்தான் பண்ணேன், அதுக்கப்புறம் நிக்காம ஓடிச்சுல்ல?"

நான் போனைக் கையில் பிடித்தபடி அண்ணியைப் பார்த்தேன். அவள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல் விரலாக, நிதானமாகத் துடைத்தாள். அப்புறம் குனிந்து போனிடம் பேசினாள்.

"ஓடிச்சுங்க. நிக்கவே இல்ல."

அவன் போனை வைத்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அண்ணன் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவன் தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா என்பதல்ல என் ஆத்திரம். அவள் ஆஸ்பத்திரியில் "பிளேடு நிக்கல" என்று கதறியபோது, ஏன் நிற்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவன். தலையைத் தடவிக்கொண்டு "கவனம் தப்பிருச்சு" என்றானே, அதுதான்.

சாயங்காலம் வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. வாசலிலேயே ஆரம்பித்தான். "உனக்காகத்தான் பண்ணேன். தினமும் நின்னு நின்னு போகுதுன்னு நீதானே சலிச்சுக்கிட்டே? காலையில நீ பூட்ஸ் மாட்டிட்டு இருந்தப்ப சட்டுனு ஒரு திருகு திருகினேன். இப்படி ஆகும்னு எனக்கென்ன தெரியும்?"

"ஏத்தினது தெரியாம பண்ணது. அதை நான் அன்னிக்கே மன்னிச்சிருப்பேன்" என்றாள் அண்ணி. "அப்புறம் மூணு வருஷம் சும்மா இருந்தது தெரிஞ்சு பண்ணது."

"பயந்துட்டேன்டி."

"நானும் பயந்தேன். எனக்கே எம்மேல சந்தேகம் வந்துருச்சு. கையை எடுத்தேனா, எடுக்கலையான்னு எத்தனை நாள் தூங்காம யோசிச்சிருக்கேன் தெரியுமா?" அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டு, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் மேசையில் வைத்தாள். "எழுதுங்க."

அண்ணன் உட்கார்ந்து எழுதினான். மென்று முழுங்கி ஒரே ஒரு வரி. வாங்கி உரக்கப் படித்தாள். "'அன்று இயந்திரத்தின் திருகாணி ஏற்றப்பட்டிருந்தது.' ஏற்றப்பட்டிருந்ததா? அதுவா ஏறுச்சா?"

"ஆபீஸுக்குப் போறது, இப்படித்தான் எழுதணும்."

"ஆபீஸுக்குப் புரியற மாதிரி எழுதுங்க. யாரு ஏத்தினா?"

"எல்லாரும் படிப்பாங்கடி. என் பேரு என்ன ஆகும்?"

"என் பேரு மூணு வருஷமா என்ன ஆயிருக்குன்னு உங்க தங்கச்சியைக் கேளுங்க. அவகிட்ட மாத்திரை வாங்காத ஆள் உண்டா இந்தத் தெருவுல?"

அது எனக்கு. வாங்கிக்கொண்டேன். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அவள் அடுத்த தாளை வைத்தாள். அவன் எழுதினான். "திருகாணியை நான் ஏற்றினேன். என் மனைவிக்குச் சொல்லவில்லை." கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, யாரும் கேட்காமலே, திருகாணி இரண்டு சுற்றில் இருக்க, எஞ்சின் கால் மணி நேரம் ஓடியதையும் பிளேடு அசையாததையும் கண்ணால் பார்த்தேன் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை அண்ணனின் வேனிலேயே இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போனோம். நான் கடைக்கு அரை நாள் லீவு சொல்லியிருந்தேன். நீரேற்று நிலையத்தில் விசிலும், பம்ப் ஓட்டுகிறவர்கள் ஐந்தாறு பேரும் நின்றார்கள். விசில் முதலில் ஃபாரத்தைக் கேட்டார். அண்ணி அதைக் கொடுத்தாள். கவனக்குறைவு என்ற வரியின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே கோடு, சிவப்பு நகப்பாலிஷில். அதோடு அண்ணனின் தாளையும் கொடுத்தாள். விசில் இரண்டு தடவை படித்தார்.

"இதை வெக்க ஃபைல்ல இடமே இல்லையேம்மா."

"இடம் பண்ணுங்க சார்."

அவள் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக் கயிற்றை இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. வேகமாக ஓடவிட்டு, எல்லாரும் பார்க்கக் கைவிசையிலிருந்து கையை எடுத்து மேலே தூக்கிக் காட்டினாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பிளேடு நின்றது.

"நிக்குதாம்மா?" என்று சத்தத்துக்கு மேல் கத்தினார் விசில்.

"நிக்குது சார்!"

பம்ப் ஆட்களில் ஒருவர் தலையை நீட்டி, "அப்புறம் அன்னிக்கு மட்டும் ஏன் நிக்கலையாம்?" என்று கேட்டார். சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டவர்தான். ஆனால் அண்ணி எஞ்சினை அணைக்கவில்லை. அண்ணனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். எல்லார் தலையும் அவன் பக்கம் திரும்பியது. அவன் வேன் சாவியைப் பார்த்தான், சரிவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் உதவவில்லை. எஞ்சின் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கத் தயார் என்பது போல ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான் ஏத்தினேன்" என்றான். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"என்னது?" என்றார் விசில்.

"ஸ்க்ரூவை நான்தான் ஏத்தினேன் சார்!" என்று கத்தினான். "அவ மேல தப்பு இல்ல!"

அண்ணி தலையை ஆட்டினாள். முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு, மூன்று விரல் காலை முதலில் சரிவில் வைத்தாள். இடுப்பளவு புல். கைவிசையில் விரலை வைத்தவள், ஏதோ ஞாபகம் வந்தது போல அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். "எனக்கு வேலை இருக்கு."